அரை அங்குலத்தின் கதை: பழைய கோல்ஃப் ஜிடிஐயும் அகல வீலும்

பழைய ஹாட் ஹேட்ச்பேக் வாங்குறவங்க பெரும்பாலும் முதலில் மாற்றுவது வீலைத்தான். அகலமான அலாய் வீல் போட்டால் கார் ரோட்டை நல்லாப் பிடிக்கும் என்பார்கள். அதில் பாதி உண்மை. மீதியைப் புரிந்துகொள்ள 1970களின் ஜெர்மனிக்குப் போகணும்.

ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ 1975 செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டது. விற்பனைக்கு வந்தது 1976இல். 5,000 வண்டி விற்றால் போதும் என்று ஆரம்பித்த திட்டம் அது. 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன், எடை 800 கிலோவுக்குச் சற்று மேல். இவ்வளவு வேகமான காருக்குப் போட்டது 5.5 அங்குல அகலமுள்ள 13 அங்குல ரிம், 175/70 டயர். இன்றைய கண்ணுக்கு ஏதோ சைக்கிள் சக்கரம் மாதிரி தெரியும்.

அதே காலத்தில் பிளாக் ஃபாரஸ்ட் பகுதியில் ஷில்டாக் என்ற சின்ன ஊரில் பிபிஎஸ் வளர்ந்துகொண்டிருந்தது. பவும்கார்ட்னர், பிராண்ட் என்ற இரண்டு பேரும் அந்த ஊரின் பெயரும் சேர்ந்ததுதான் அந்த மூன்றெழுத்து. தொடங்கிய ஆண்டு 1970. பந்தயக் கார்களுக்கு அவர்கள் செய்த வீல் மூன்று துண்டாக இருக்கும். ஒரு பாதி நசுங்கினால் அதை மட்டும் மாற்றலாம், அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். பந்தயக் களத்தில் அது தேவை. தெருவுக்கு வந்தபோது அதுவே அழகாகிவிட்டது. 1982இல் ஆஸ்திரியாவின் வோர்தர்சே ஏரிக்கரையில் ஜிடிஐ ரசிகர்களின் ஆண்டுக்கூட்டம் தொடங்கியது. அங்கே பல கார்களில் கண்ணில் பட்டது எஞ்சினை விட வீல்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். 13 அங்குல ரிம்மில் 175/70 டயரின் மொத்த விட்டம் சுமார் 575 மி.மீ. 15 அங்குல ரிம்மில் 195/50 போட்டால் 576. ஆக உயரத்தில் சிக்கல் இல்லை, ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லாது. சிக்கல் அகலத்தில். 5.5 அங்குலத்திலிருந்து 7 அங்குலம் போனால் 38 மி.மீ. கூடும், உள்ளே 19, வெளியே 19. உள்பக்கம் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் இருக்கு, இடிக்கும். அதனால் என்ன செய்கிறார்கள்? வீலை வெளியே தள்ளுகிறார்கள்.

இந்தத் தள்ளலைக் காட்டும் எண்தான் வீலின் பின்பக்கம் ஈடி என்று பொறித்திருப்பது. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதே அது. ஈடி 38 இருந்த இடத்தில் ஈடி 15 போட்டால், டயர் தரையைத் தொடும் இடத்தின் நடு 23 மி.மீ. வெளியே போகும். வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஸ்பேசர் வைத்தாலும் இதே கதைதான்.

அதனால என்னன்னு கேட்கலாம். இங்கேதான் எனக்குப் பிடித்த வரலாறு வருது. 1972இல் வந்த ஆடி 80 காரிலும், அடுத்து கோல்ஃபிலும், பிரேக் குழாய்களைக் குறுக்காகப் பிரித்தார்கள்: முன் இடதும் பின் வலதும் ஒரு ஜோடி, மற்றவை இன்னொரு ஜோடி. ஒரு ஜோடி செத்தால் முன்பக்கம் ஒரே வீல்தான் பிடிக்கும். கார் அந்தப் பக்கம் இழுக்கும். அதைச் சமாளிக்க, ஸ்டீரிங் திரும்பும் அச்சை நேராகக் கீழே நீட்டினால் அது டயரின் நடுவுக்கு வெளியே தரையைத் தொடும்படி அமைத்தார்கள். இப்போது இடது வீல் மட்டும் பிடித்தால், பிரேக்கின் விசையே அந்த வீலை வலப்பக்கம் திருப்பும். டிரைவர் பயந்து ஸ்டீரிங்கை ஒடிக்கும் முன்னாடியே கார் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ள முயலும். ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் காய்ந்த தார் என்றாலும் இதே உதவி கிடைக்கும்.

இந்த ஏற்பாடு சில மில்லிமீட்டர் கணக்கில் நிற்பது. டயரை 23 மி.மீ. வெளியே நகர்த்தினால் உதவி குறையும். அச்சு தொடும் புள்ளியையும் டயர் தாண்டிவிட்டால் உதவி உபத்திரவமாகும். கார் இழுக்கிற பக்கத்துக்கே வீலும் திரும்பும். சாதாரண ஓட்டத்தில் ஸ்டீரிங் கொஞ்சம் கனமாகும், அவ்வளவுதான். தெரிய வருவது ஒரே ஒரு அவசர பிரேக்கில்.

ஜெர்மனியில் வீல் மாற்றினால் அந்த வீல் எந்த மாடலுக்குப் பொருந்தும் என்ற சான்று வேண்டும். பல சமயம் டியூஃப் மாதிரியான ஆய்வு நிலையத்தில் காட்டி வண்டி ஆவணத்தில் பதியவும் வேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் சாலை அனுமதியே செல்லாமல் போகலாம். அதிகாரத் தொல்லை என்று இளைஞர்கள் முணுமுணுக்கலாம். ஆனால் அந்தக் காகிதத்தில் ஈடி எண்ணும் இருக்கு என்பதுதான் விஷயம்.

1983இல் தொழிற்சாலையே ஒரு பைரெல்லி சிறப்புப் பதிப்பு வெளியிட்டது: 14 அங்குல அலாய், 185/60 டயர். அகலம் 6 அங்குலம். முதல் ஜிடிஐயை விட அரை அங்குலம்தான் கூடுதல். கஞ்சத்தனம் என்று நான் நினைக்கவில்லை. பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் வீல் கடைக்குப் போனால் டிசைன் பார்ப்பதற்கு முன் அதைத் திருப்பிப் போட்டு ஈடி எண்ணைப் படியுங்க.