முகம் பார்த்துப் பேச 16 டாலர்

1964-ஆம் வருடம் ஜூன் மாதம். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி, நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ ஆகிய மூன்று நகரங்களில் 'பிக்சர்ஃபோன்' சாவடிகளைத் திறந்தது. முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு போய் உட்கார்ந்தால், வேறு ஊரில் அதே மாதிரி சாவடியில் இருப்பவரின் முகம் சின்னத் திரையில் தெரியும். வாஷிங்டனில் இருந்து இதைத் தொடங்கி வைத்துப் பேசியவர் அதிபர் ஜான்சனின் மனைவி. கட்டணம்? மூன்று நிமிடத்துக்கு 16 முதல் 27 டாலர் வரை! அதுவும் பேசுகிற இரண்டு பேருமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கிளம்பாமல் பேசத்தானே போன் வந்தது!

ஓட்டம் இல்லை என்றதும் நிறுவனம் வேறு வழி பார்த்தது. 1970 ஜூன் 30-ஆம் தேதி பிட்ஸ்பர்க் நகரில் அலுவலகங்களுக்கே கருவியைக் கொடுத்தது. மாத வாடகை 160 டாலர். அதில் 30 நிமிடம் பேசலாம், அதற்கு மேல் நிமிடத்துக்கு 25 சென்ட். ஆரம்பத்தில் சேர்ந்தவை 8 நிறுவனங்கள், மொத்தம் 38 கருவிகள். இங்கேதான் வணிகம் படிப்பவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஊருக்கே 38 கருவி என்றால், வாங்கியவர் யாருக்குப் போன் போடுவார்? மற்ற 37-க்கு மட்டும். அந்த 37 பேரிடமும் அவருக்கு வேலை இருந்தாக வேண்டுமே! 1980-க்குள் பத்து லட்சம் கருவிகள் ஓடும் என்று போட்ட கணக்கு, நடைமுறையில் சில நூறோடு நின்றுபோனது.

முகத்தைக் காட்ட ஜனங்களுக்குக் கூச்சம், அதனால்தான் தோற்றது என்று பலர் சொல்வதுண்டு. அது பாதிக் காரணம்தான். பேசுகிற இருவர் கையிலும் சேர்ந்து செய்ய ஒரு வேலை இல்லை என்பதே பெரிய குறை.

அந்த வேலையை யோசித்தவர் வேறொருவர். பெயர் டக்ளஸ் எங்கல்பார்ட். 1968 டிசம்பர் 9-ஆம் தேதி, சான்பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கணினி மாநாட்டில், சுமார் ஆயிரம் பேர் முன்னால் 90 நிமிடம் அவர் செய்து காட்டியதை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கும். கணினி இருந்ததோ அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, மென்லோ பார்க்கில். மைக்ரோவேவ் இணைப்பு வழியாக அங்கிருக்கும் சக ஊழியரின் முகம் திரையின் ஒரு மூலையில் வந்தது. திரையின் மீதிப் பகுதியில் இருவருக்கும் பொதுவான ஒரு ஆவணம். ஒருவர் மாற்றினால் மற்றவருக்கும் தெரியும். பொதுமக்கள் முன் மௌஸ் ஆடிக்காட்டியதும் அன்றுதான்! முகம் ஓரத்தில், வேலை நடுவில் என்ற இந்த அமைப்பைக் கவனியுங்கள். பிக்சர்ஃபோனில் முகம் மட்டும்தான் முதலாளி.

ஆனால் அதற்குப் பிறகு முகமும் வேலையும் தனித்தனி வழியில் போய்விட்டன. 1992-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்து 'சியூ-சீமி' வந்தது; கறுப்பு வெள்ளைப் படம், ஆனால் இலவசம். 2003-இல் ஸ்கைப், 2006-இல் அதில் வீடியோ. இவையெல்லாம் முகத்தின் வழி. இன்னொரு பக்கம் 2005-இல், சென்னையில் வேரூன்றிய அட்வென்ட்நெட் (பின்னால் ஜோஹோ) 'ஜோஹோ ரைட்டர்' வெளியிட்டது. 2006-இல் கூகுள் 'ரைட்லி'யை வாங்கியது, அதுவே கூகுள் டாக்ஸ் ஆனது. இவை வேலையின் வழி.

இரண்டில் எது தூரத்துக் குழுவுக்கு அதிகம் உதவும்? சந்தேகமே வேண்டாம், இரண்டாவதுதான். சென்னைக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் பன்னிரண்டரை மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்தில் பதிமூன்றரை. வீடியோ கூட்டம் என்றால் யாராவது ஒருவர் தூக்கத்தை விட்டாக வேண்டும். ஆவணமோ காத்திருக்கும்.

ஆனாலும் கூட்டம் சேர்த்தது முகம்தான், அதுவும் ஜூம். அதை 2011-இல் தொடங்கிய எரிக் யுவான், அதற்கு முன் வெப்எக்ஸில் பல வருடம் வேலை பார்த்தவர். கூட்டத்துக்கு வருகிறவருக்குக் கணக்கே தேவையில்லை. ஒரு சுட்டியை அமுக்கினால் போதும். 38 கருவிகளின் பிரச்சினை அங்கே தீர்ந்தது. குழுக் கூட்டம் 40 நிமிடம் வரை இலவசம். 2019 டிசம்பரில் தினம் சுமார் 1 கோடி பங்கேற்பு. கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில், 30 கோடி! (ஒருவரே மூன்று கூட்டத்தில் உட்கார்ந்தால் மூன்று கணக்கு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.) ஸ்கைப்போ 2025 மே மாதம் மூடப்பட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2023 ஆகஸ்டில் ஜூம் நிறுவனமே, பக்கத்தில் வசிக்கும் தன் ஊழியர்களை வாரம் இரண்டு நாள் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டது.