கைக்கோல் முதல் ஸ்டேரிங் வரை
(பரிசளிப்பு விழா மலருக்காக முன்னாள் மாணவர் ஒருவர் எழுதியது)

முன்னுரை

வரலாறு என்றாலே அரசர்களும் போர்களும்தாம் என்று நாம் படித்துப் பழகிவிட்டோம். கரிகாலன் கல்லணை கட்டியதும் இராசேந்திரன் கடாரம் கொண்டதும் நமக்குப் பெருமையே. ஆயினும் அன்றாடம் நம் கைக்குள் சுழலும் பொருள்களுக்கும் வரலாறு உண்டு. மோட்டார் காடியின் ஸ்டேரிங் அவற்றுள் ஒன்று. அதன் கதையை எழுதும்படி என்னைத் தூண்டியது செராசில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவம்.

என் அக்காள் மகன் நான்காம் படிவ மாணவன். கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டுவான். மேசை விளிம்பில் முடுக்கிய ஸ்டேரிங், காலடியில் பெடல், எதிரே திரை. "இது சும்மா கேம் இல்ல மாமா, சிமுலேட்டர்" என்று திருத்துவான். ஒரு நாள் அந்த ஸ்டேரிங் நேராகப் பிடித்தாலும் இடப்பக்கமே இழுத்தது. இரண்டு நாளில் உள்ளே கரகர என்று சத்தம். மூன்றாம் நாள் ஒரேயடியாகச் சிக்கிக்கொண்டது. தீபாவளி அங்பாவ் பணத்தை மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பையன், "வேற வாங்கணும் மாமா, எத வாங்குறது?" என்று என்னிடம் வந்து நின்றான். அக்காளோ, "எஸ்.பி.எம். வருது, இவனுக்கு ஸ்டேரிங் ஒரு கேடா?" என்று ஒரு பக்கம் சத்தம் போட்டாள்.

எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ள வரலாற்றைப் புரட்டு என்று இப்பள்ளியில் கற்றுக்கொடுத்தார்கள். புரட்டினேன்.

கைக்கோல் காலம்

1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரினார். அந்த வண்டிக்கு மூன்றே சக்கரங்கள், ஸ்டேரிங் கிடையாது. படகுச் சுக்கானைத் திருப்புவதுபோல ஒரு கைக்கோலைப் பிடித்துத்தான் முன்சக்கரத்தைத் திருப்பினார்கள். 1896இல் சிங்கப்பூரில் பக்லி என்பவர் ஒரு பென்ஸ் காடியை ஓட்டினார். அது போட்ட சத்தத்துக்கு அதைக் 'காப்பி மெஷின்' என்றே ஊரார் அழைத்தார்களாம்.

கைக்கோலால் மெதுவாகப் போகலாம்; வேகமாகப் போவது ஆபத்து. 1895இல் பாரிசிலிருந்து போர்தோ வரை போய்த் திரும்பும் பந்தயத்தில் எமில் லெவாசோர் ஏறத்தாழ 49 மணி நேரம் கைக்கோலைப் பிடித்து ஓட்டி முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு பாரிஸ்–மார்செய் பந்தயத்தில் ஒரு நாய் குறுக்கே வர, அதைத் தவிர்க்கப் போய் வண்டி கவிழ்ந்தது. தூக்கியெறியப்பட்ட லெவாசோர் 1897 ஏப்ரலில் காலமானார்.

அதற்கு முன்னரே ஒருவர் வேறு வழி கண்டிருந்தார். 1894 ஜூலையில் நடந்த பாரிஸ்–ரூவான் போட்டிக்கு ஆல்ஃபிரட் வஷரோன் தம் பான்ஹார்ட் வண்டியில் கைக்கோலுக்குப் பதிலாக வட்டச் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு வந்தார். 1898 அளவில் அந்த நிறுவனமே சக்கரத்துக்கு மாறியது. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தனர். இன்று உலகமெங்கும் கோடானுகோடிக் கைகள் பிடித்திருப்பது பந்தயத்திலிருந்து பிறந்த அந்த வட்டத்தைத்தான் எனின் மிகையாகாது.

பெரிய சக்கரமும் சிறிய சக்கரமும்

சக்கரம் ஒரு நெம்புகோல். அது பெரிதாக இருந்தால் நம் கைப்பலம் பெருகும். சிறிதாக இருந்தால் ரோட்டின் பலம் கைக்கு அதிகமாகத் தெரியும். ஸ்டேரிங் வரலாறு முழுவதும் இந்த ஒரு கணக்கில்தான் சுழல்கிறது.

இதை எனக்கு விளக்கியவர் என் தந்தையார். 1960களின் நடுவில் உலு லங்காட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் லோரி ஓட்டத் தொடங்கியவர். பெட்ஃபோர்ட் லோரி. ஸ்டேரிங் அரை மீட்டர் அகலம் இருக்கும். அந்த லோரிக்குப் பவர் ஸ்டேரிங் இல்லை. அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் 1926இலேயே அதைச் செய்து காட்டினார். 1951இல் கிரைஸ்லர் காரில் விற்பனைக்கும் வந்தது. தோட்டத்து மண் ரோட்டுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. "பால் ஏத்திட்டு வளைவுல திருப்பணும்னா எந்திரிச்சு நின்னு இழுக்கணும்டா. தோள் ரெண்டும் எரியும்" என்பார் அப்பா.

அவருடைய வலக்கைக் கட்டைவிரல் இன்றும் கோணலாக இருக்கும். மழையில் அரித்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியபோது ஸ்டேரிங் தானாகச் சுழன்று, குறுக்குக் கம்பி விரலை அடித்து ஒடித்துவிட்டது. வண்டி ஓட்டாத அந்த ஒன்றரை மாதம் வீட்டில் அடுப்பெரிய அம்மா பால்வெட்டில் இரட்டிப்பு நேரம் உழைத்தார். அதற்குப் பிறகு தம்மிடம் தொழில் கற்க வந்த ஒவ்வொருவருக்கும் அவர் சொன்ன முதல் பாடம் இது: "கட்டைவிரல சக்கரத்துக்கு உள்ள விடாத. மேலயே வெச்சுக்க." கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டுவோர்க்கு எந்த நாட்டிலும் இதுதான் பாடம்.

பந்தயத் தளத்தில்

பந்தயக் காரில் வேறு தேவை. அங்கே கார் இலேசு. வளைவில் டயர் எப்போது வழுக்கப் போகிறது என்பதைக் கை முன்கூட்டியே உணர வேண்டும். ஆகவே சக்கரம் சுருங்கியது. இத்தாலியில் ஜான்பியரோ மொரெட்டி என்ற பந்தய ஓட்டுநர், வழக்கத்தைவிடச் சிறியதும் பிடி தடித்ததுமான ஸ்டேரிங் ஒன்றைத் தமக்கெனச் செய்வித்தார். அதே வகையை ஜான் சர்ட்டீஸ் தம் ஃபெராரி காரில் பூட்டி 1964இல் உலக வாகையர் ஆனார். மொமோ என்ற பெயர் அப்படித்தான் பரவியது.

1989 மார்ச்சில் பிரேசில் பந்தயத்தில் கியர் மாற்றும் துடுப்புகள் ஸ்டேரிங்கின் பின்னாலேயே வந்துவிட்டன. அந்த ஃபெராரியை ஓட்டியவர் நைஜல் மான்செல். ஓட்டத்தின் நடுவே அவருடைய ஸ்டேரிங் தளர்ந்துவிட்டது. மனிதர் பதறவில்லை. பிட்டில் வண்டியை நிறுத்தி, வேறு ஸ்டேரிங் மாட்டிக்கொண்டு போய்ப் பந்தயத்தை வென்றார். இதைச் சொன்னபோது, "பார்த்தீங்களா மாமா, ஸ்டேரிங் மாத்துறது ஒண்ணும் தப்பில்ல" என்றான் பையன்.

நம் நாட்டிலும் இவ்விளையாட்டுக்கு வேர் உண்டு. ஷா ஆலம் அருகே பத்து தீகா பந்தயத் தளம் 1968இல் திறக்கப்பட்டது. 1991 முதல் 1997 வரை உலக மோட்டார்சைக்கிள் பந்தயங்கள் அங்கே நடந்தன. இன்று அந்தத் தளம் இல்லை. 1999இல் செப்பாங் தளம் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 17ஆம் நாள் முதல் ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. 2017இல் கடைசிப் பந்தயம் நடந்தது. நம் கரம்ஜித் சிங் புரோட்டான் காரிலேயே 2002இல் உற்பத்திக் கார் பிரிவில் உலக ரேலி வாகையர் ஆனார். கோயம்புத்தூரில் பிறந்த நரேன் கார்த்திகேயன் 2005 மார்ச்சில் ஜோர்டன் குழுவுக்காக செப்பாங்கில் ஓட்டி 11ஆவதாக வந்தார். அதே கோயம்புத்தூரில் கரிவர்தன் என்பவர் மாருதி 800 இயந்திரத்தை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார்கள் செய்து, பணமில்லாத இளைஞருக்கும் வழி திறந்தார். அங்குள்ள பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆனாலும் பந்தயம் பணக்கார விளையாட்டுதான். செராசிலிருந்து செப்பாங் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். லோரிக்காரர் பேரனுக்கு அந்த 50 கிலோமீட்டர் எவ்வளவு தூரம்னு நமக்குத் தெரியாதா?

வீட்டுக்குள் வந்த ரோடு

அந்தத் தூரத்தைக் குறைத்தது கணினி. 1974இல் அட்டாரி நிறுவனம் 'கிரான் டிராக் 10' என்ற வீடியோ விளையாட்டை ஸ்டேரிங், பெடலோடு வெளியிட்டது. ஸ்டேரிங்கைத் திருப்பினால் படம் திரும்பும். ஆனால் கைக்கு ஒன்றும் தெரியாது. 1989இல் வந்த 'ஹார்ட் டிரைவின்' விளையாட்டில், உள்ளே இருந்த மோட்டார் ஸ்டேரிங்கை எதிர்த்து இழுத்தது. ரோட்டின் பேச்சு கைக்குக் கேட்டது. 1990களின் பிற்பகுதியில் அவ்வகை ஸ்டேரிங் வீடுகளுக்கும் வந்தது.

2008இல் நிசான், சோனி நிறுவனங்கள் வீட்டில் ஓட்டிப் பழகியவர்களுக்குப் போட்டி வைத்து, வென்றவரை உண்மைக் காரில் ஏற்றின. முதல் ஆண்டில் வென்ற ஸ்பெயின் நாட்டு லூக்காஸ் ஓர்தோனியெஸ், 2011 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் ஒருவர். ஆகவே இதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடுவதற்கில்லை.

எதை வாங்கினோம்?

வீட்டு ஸ்டேரிங்கில் இரண்டு பகுதிகள். கையில் பிடிப்பது சக்கரம். அதன் பின்னால் மோட்டார் உள்ள பெட்டி. எது கெட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். பையனுடையதில் பெட்டிக்குள் பல்சக்கரம் தேய்ந்திருந்தது. அதில் புதுச் சக்கரம் மாட்டுவது, செத்த மாட்டுக்குப் புது மணி கட்டுவது போலத்தான்.

பெட்டி மூன்று வகை. பல்சக்கரம் வழியே இழுப்பது மலிவு. ஆனால் கரகரப்பு உண்டு. வார் வழியே இழுப்பது வழுவழுப்பு. சிறு அதிர்வுகள் வாரிலேயே அடங்கிவிடும். மோட்டார்த் தண்டிலேயே சக்கரத்தை நேராகப் பூட்டுவது மூன்றாவது, ரோடு அப்படியே கைக்கு வரும், விலையும் அதிகம். 2025 பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அந்த மாதச் சம்பளத்தையும் தாண்டும் பெட்டிகள் பல உண்டு.

பையன் 11 நியூட்டன் மீட்டர் பலமுள்ளதைக் கேட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 30 சென்டிமீட்டர் அகலச் சக்கரத்தில் அது ஏழரை கிலோ இழுப்பு. 5 நியூட்டன் மீட்டர் பெட்டி அதே சக்கரத்தில் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் இழுக்கும். கடையில் வைத்திருந்த 5இல் என் தந்தையாரை உட்கார வைத்தோம். எண்பது வயது. மெதுவாக ஒரு சுற்று ஓட்டினார். திரையில் கார் மண்ணில் இறங்க, சக்கரம் சட்டென்று உதறியது. அவருடைய கட்டைவிரல்கள் இரண்டும் தாமாகவே மேலே ஏறி நின்றன! கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ரோடு பேசுதுடா. எனக்கு இது போதும்" என்றார். பிறகு பேரன் பக்கம் திரும்பி, "நீ கைய எங்க வெச்சிருக்க, காட்டு" என்றார். பையன் விரலை உள்ளே சுற்றிப் பிடித்திருந்தான். கோணல் விரலை அவன் கண் முன்னே நீட்டினார். அதற்கு மேல் 11 பற்றிப் பேச்சு எழவில்லை.

சக்கரம் இல்லாத பெட்டி ஒன்று, ஒருவர் பயன்படுத்தியது, நல்ல விலைக்குக் கிடைத்தது. சக்கரத்துக்கு பூடு பக்கம் பழைய காடிச் சாமான் விற்கும் ஒரு தவுக்கேயிடம் போனோம். உண்மைக் காரின் ஸ்டேரிங்கையே இதில் பூட்டலாம். ஆறு துளைகளின் கணக்கு மட்டும் ஒத்துப்போக வேண்டும். எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடு வரை மொமோ கணக்கில் 70 மில்லிமீட்டர். நார்டி கணக்கில் 74. பையன் கணிதப் பெட்டியிலிருந்த அளவுகோலோடு வந்திருந்தான். முதலில் எடுத்தது பளபளவென்று இருந்தது, அளந்தால் 74. மனமில்லாமல் கீழே வைத்தான். இரண்டாவது, ஓரத்தில் தோல் கொஞ்சம் உரிந்தது, சரியாக 70. அகலம் 30 சென்டிமீட்டர். சின்னப் பெட்டிக்குச் சின்னச் சக்கரம்தான் பொருத்தம். 35 ஆக இருந்தால் அதே இழுப்பு மூன்று கிலோவுக்குக் கீழே இறங்கிவிடும்.

பெடலையும் மாற்ற வேண்டி வரவில்லை. பழைய பெட்டியில் பல்சக்கரம்தான் கெட்டது, மின்சுற்று கெடவில்லை. அதைக் கணினியோடு இணைத்தபடி மேசைக்கு அடியில் வைத்து, பெடலுக்கு மட்டும் பயன்படுத்துகிறான். தொலைக்காட்சியில் மாட்டும் விளையாட்டுப் பெட்டிகளில் இந்த வித்தை பலிக்காது என்பதையும் வாங்குவோர் நினைவில் கொள்க.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! கைக்கோலைப் பிடித்த லெவாசோர் முதல் கணினி முன் அமர்ந்திருக்கும் நம் பிள்ளை வரை எல்லாருக்கும் கேள்வி ஒன்றே: ரோடு சொல்வது என் கைக்குக் கேட்கிறதா, அதைத் தாங்க என் கையால் முடியுமா? விலையும் பளபளப்பும் அதற்கு அப்புறம்தான்.

அக்காளும் சமாதானமாகிவிட்டாள். பாடம் முடிந்தால் ஒரு மணி நேரம் என்று ஒப்பந்தம். ஓட்டும்போது பக்கத்து நாற்காலியில் தாத்தா உட்கார்ந்திருப்பார். வளைவு வரும்போதெல்லாம் குரல் கேட்கும்: "விரல மேல வெய்யி ராசா!"

பரிசு பெறும் மாணவர்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள். வளர்க நம் பள்ளி!