வெண்படலமும் விதிவிலக்கும்: வாஷிங்டன் மாநிலப் பாஸ்பேட் தடையை வீட்டு வேலையின் பக்கமிருந்து வாசித்தல்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2006இல் இயற்றிய சட்டம், வீடுகளில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் பயன்படும் சோப்புத்தூளில் பாஸ்பரஸின் அளவு எடையில் 0.5 விழுக்காட்டை எட்டக்கூடாது என்று வரையறுத்தது. அதுவரை அங்கிருந்த உச்சவரம்பு 8.7 விழுக்காடு. தடை 2008 ஜூலை முதல் நாளில் ஸ்போகேன் மாவட்டத்திலும் 2010 ஜூலையில் மாநிலம் முழுவதிலும் நடைமுறைக்கு வந்தது. ஸ்போகேனில் அப்போது எழுந்த முணுமுணுப்பைப் பற்றி ஒரு விளக்கம் பரவலாக எடுத்தாளப்பட்டு வருகிறது. அரசின் தலையீட்டை விரும்பாத கிழக்கு வாஷிங்டன் மக்கள் ஆற்றைக் காக்க வந்த சட்டத்துக்குக் காட்டிய அரசியல் எதிர்ப்பே அது என்றும், உற்பத்தியாளர்கள் கலவையை மாற்றியமைத்ததும் அது தானே அடங்கிவிட்டது என்றும் அவ்விளக்கம் கூறும். சான்றுகளை நெருங்கிப் பார்த்தால் இவ்விளக்கத்தின் முதற்பகுதி நிற்பதில்லை. இரண்டாம் பகுதியோ கேள்விக்கு விடை சொல்லாமல் விலகிச் செல்கிறது. ஸ்போகேன் மக்கள் பேசியது பெரும்பாலும் தங்கள் அடுக்களையில் கூடிப்போன வேலையைப் பற்றியே என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

மேற்சொன்ன விளக்கம் பெரிதும் சார்ந்திருப்பது 2009 மார்ச்சில் அமெரிக்க நாளிதழ்கள் பலவற்றில் வெளிவந்த ஒரு செய்தி நிறுவனக் கட்டுரையை. ஸ்போகேன்வாசிகள் நெடுஞ்சாலை வழியாகக் கிழக்கே சென்று, அண்டை மாநிலமான ஐடஹோவில் பழைய பாஸ்பேட் தூளை வாங்கிவருகிறார்கள் என்பதே அதன் செய்தி. அதைச் சொன்ன தொனியில் கடத்தலின் சாயல் இருந்ததால், பின்னர் எழுதியவர்களும் அதையே பற்றிக்கொண்டு, சட்டத்தை மீறத் துணிந்த குடிமக்களின் கதையாக அதை ஆக்கிவிட்டனர். ஆனால் சட்டம் தடுத்தது விற்பனையையும் விற்பனைக்காக விநியோகிப்பதையும்தான். வேறு மாநிலத்தில் வாங்கிய தூளைத் தன் வீட்டு இயந்திரத்தில் போடுபவரை அது தொடவில்லை. மீறல் என்ற சொல்லுக்கே இடமில்லாத ஒன்றை எதிர்ப்பு என்று படித்ததிலிருந்து பிழை தொடங்குகிறது.

அச்செய்தியில் கவனிக்காமல் விடப்பட்ட இரு கூறுகள் உள்ளன. தட்டுகளில் உணவு ஒட்டிக்கிடப்பதும் எண்ணெய்ப்பிசுக்கு படிவதும், கையால் மறுபடி தேய்த்துக் கழுவாமல் அவற்றைப் பயன்படுத்த முடியாதிருப்பதும் அதில் வெளிப்படையாகவே சொல்லப்படுகின்றன. இந்த இடர்ப்பாட்டுக்குக் கடின நீரே காரணம், அதாவது கால்சியமும் மக்னீசியமும் மிகுதியாகக் கரைந்திருக்கும் நீரே காரணம் என்றும் செய்தி கூறுகிறது. எல்லை தாண்டிய பயணத்தில் மட்டும் கண்வைத்தவர்கள் இவ்விரண்டையும் வண்ணனையாகக் கொண்டு கடந்துவிட்டனர். வாதத்தின் உயிர்நிலை இவற்றில்தான் இருக்கிறது.

ஸ்போகேன் நகரம் குடிப்பதும் கழுவுவதும் ஸ்போகேன் பள்ளத்தாக்கு – ராத்ட்ரம் சமவெளி நிலத்தடி நீர்த்தேக்கத்தின் கடின நீரை. மாநிலத்தின் மேற்கிலுள்ள சியாட்டில் நகரத்துக்கோ மலையிலிருந்து இறங்கும் சீடர், டோல்ட் ஆறுகளின் மென்னீர் கிடைக்கிறது. கடின நீரில் பாஸ்பேட் செய்துவந்த வேலை சிறிதன்று. சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்ற அந்தச் சேர்மம் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக் கரைசலிலேயே நிறுத்திவைக்கும். தட்டிலிருந்து பெயர்ந்த அழுக்கு மீண்டும் தட்டில் போய் ஒட்டாமல் மிதக்கவிடும். அதை நீக்கிவிட்டுச் சலவைச்சோடாவை முதன்மையாகக் கொண்டு கலந்த தூளில், சோடாவின் கார்பனேட் நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகிக் கண்ணாடிமேல் படியும். மென்னீர் வரும் வீட்டில் இவ்விளைவு அநேகமாகத் தெரியாது. ஆகவே மாநிலம் முழுமைக்கும் ஒன்றாக எழுதப்பட்ட ஒரே விதி, குழாயில் வரும் நீருக்கேற்ப ஓரிடத்தில் ஒன்றுமில்லாததாகவும் மற்றோரிடத்தில் அன்றாடச் சுமையாகவும் ஆனது. கிழக்கு வாஷிங்டன் முணுமுணுத்ததற்கு அதன் வாக்குப்பெட்டியைவிட அதன் கிணறுகள் நேரடியான காரணம்.

இதற்கு வலுவான துணைச்சான்று ஒன்று உண்டு. ராத்ட்ரம் சமவெளி ஐடஹோவில் இருக்கிறது. அங்குள்ள கோர்டலேன் நகரத்தவரும் அதே நீர்த்தேக்கத்து நீரையே பயன்படுத்துகின்றனர். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இடைவெளியில் நீர் ஒன்று, இயந்திரங்களும் ஒன்று, சட்டம் மட்டும் வேறு. ஸ்போகேன் குடும்பம் ஒன்று எல்லைக்கு அப்பாலிருந்து கொண்டுவந்த தூளின் பெட்டியைத் திறந்தபோது, மாறிய ஒரே காரணியை அது அறிந்தோ அறியாமலோ சோதித்துக்கொண்டிருந்தது. ஆய்வாளர் திட்டமிட்டு அமைத்தாலும் இவ்வளவு தெளிவான ஒப்பீடு எளிதில் அமையாது.

கூடிய வேலை எத்தகையது என்பதைக் கண்ணாடிக் குவளை ஒன்றை முன்வைத்துப் பார்க்கலாம். இயந்திரத்திலிருந்து எடுத்த குவளையில் பால்போன்ற வெண்படலம் தெரிந்தால் முதலில் அது என்ன என்று கண்டறிய வேண்டும். வினிகரில் நனைத்த துணியால் துடைத்ததும் மறைந்தால் அது நீரிலிருந்து படிந்த சுண்ணாம்பு. மறையாவிட்டால் கண்ணாடியே அரித்துவிட்டது என்று பொருள், அதற்கு மாற்று இல்லை. சுண்ணாம்பு என்றால் குவளைகளைத் தனியே எடுத்து அமிலத்தில் அலச வேண்டும், அல்லது இயந்திரத்தில் எலுமிச்சை அமிலம் இட்டு ஒருமுறை வெறுமனே ஓட்ட வேண்டும், அலசல் திரவத்தை இடைவிடாமல் நிரப்பிவர வேண்டும், நீரின் சூட்டைக் கூட்டிப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு புதுத் தூளையும் வாங்கி ஒப்பிட வேண்டும். இவற்றுள் தேய்ப்பது மட்டுமே வேலை என்று கண்ணுக்குத் தெரிவது. கண்டறிவதும் சோதிப்பதும் வாங்கி ஒப்பிடுவதும் நினைவில் வைத்திருப்பதும் வேலையாகவே எண்ணப்படுவதில்லை. வீட்டுச் சாதனங்கள் பெண்களின் உழைப்பு நேரத்தை எதிர்பார்த்த அளவு குறைக்கவில்லை என்று தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூல் இயந்திரங்களை மையமாகக் கொண்டது. இயந்திரத்துக்குள் இடும் வேதிப்பொருளும் உழைப்பின் பங்காளியே. அதைச் சட்டம் விலக்கும்போது அதன் பங்கு யாருடைய கைக்காவது போய்ச் சேரத்தான் வேண்டும்.

ஒரு செய்திக் கட்டுரையின்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்ற ஐயம் நியாயமானதே. எத்தனை வீடுகளில் எவ்வளவு நேரம் கூடியது என்பதை அதிலிருந்து கணக்கிட முடியாது. அத்தகைய கணக்கு இங்கு கோரப்படவும் இல்லை. கோரப்படுவது, அரசியல் எதிர்ப்பு என்ற வாசிப்பைத் தாங்கும் அதே சான்று வேலை பற்றிய வாசிப்பை இன்னும் நேராகத் தாங்குகிறது என்பது மட்டுமே. புகார் செய்தவர்களில் சிலர் அரசு எதிர்ப்பாளராகவும் இருந்திருக்கலாம் என்ற மறுப்பு பெரிதாக எடுத்துக்கொள்ளத்தக்கதன்று; சுண்ணாம்பு எவருடைய குவளையிலும் கட்சி பார்த்துப் படிவதில்லை.

இன்னும் அழுத்தமான சான்றைச் சட்டத்தின் விதிவிலக்கு தருகிறது. வணிக, தொழில் பயன்பாட்டுக்கான தூளுக்குத் தடை பொருந்தாது. உணவகத்துக்கும் விடுதிக்கும் பாஸ்பேட் தொடர்ந்து கிடைத்தது. உணவகங்களுக்குச் சுகாதார விதிகள் உண்டு, அவற்றின் இயந்திரங்கள் ஓரிரு நிமிடங்களில் ஒரு சுற்றை முடித்தாக வேண்டும் என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். அது உண்மைதான், ஆனால் அதன் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். பாஸ்பேட் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரியாத செய்தியன்று. கூலி கொடுத்துப் பாத்திரம் கழுவும் இடத்தில் அந்த நேரம் செலவாகக் கண்ணில் பட்டது, விலக்கும் கிடைத்தது. கூலியில்லாமல் கழுவும் இடத்தில் அதற்கு விலையே இல்லை, விலக்கும் இல்லை. உற்பத்தியாளர்களுக்கும் கலவையை மாற்றிக்கொள்ளச் சட்டம் இயற்றிய நாளிலிருந்து தடை தொடங்கும்வரை அவகாசம் கிடைத்தது. பழக வேண்டியிருந்த வீடுகளுக்குத் தரப்பட்டது எதுவும் சட்டத்தில் இல்லை. நீரின் கடினத்தன்மையைச் சொல்லும் அறிவிப்புக்கூட அதில் கேட்கப்படவில்லை.

இதனால் தடை தவறானது என்றாகிவிடாது. பாஸ்பரஸ் மிகும்போது நீரில் பாசி பெருகி, அது மடிந்து மட்கும்போது கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மூச்சுத்திணறும் நிலை, அதாவது மிகையூட்டம், ஸ்போகேன் ஆற்றின் கீழ்ப்பகுதி நீர்த்தேக்கத்தைப் பல்லாண்டுகளாக வருத்தி வந்தது. துணிச் சலவைத்தூளில் பாஸ்பேட்டை விலக்கி அதற்கு முன்பே பல மாநிலங்கள் வெற்றி கண்டிருந்தன. ஆற்றுக்குச் செய்ய வேண்டியதைச் செய்த சட்டம், அதற்கான விலையை யார் கொடுக்கிறார் என்று எழுதிவைக்கவில்லை என்பதே குறை. அந்த விலையை வேறெங்கும் தேடியெடுப்பதும் கடினம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் 2003 முதல் நடத்தும் நேரப் பயன்பாட்டு ஆய்வு, சமையலறையைச் சுத்தம் செய்வதில் பெண்களே கூடுதல் நேரம் செலவிடுவதைத் தொடர்ந்து காட்டுகிறது. ஆயினும் இயந்திரத்தை இரண்டாம் முறை ஓட்டுவதும் குவளையை வினிகரில் அலசுவதும் அந்த ஒரே தலைப்புக்குள் கரைந்துபோகின்றன.

கலவை மேம்பட்டதும் சிக்கல் தீர்ந்தது என்ற வாதத்துக்கு விடை கால எல்லையில் இருக்கிறது. 2010 ஜூலையில் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஒரே சமயத்தில் தடை தொடங்கியதால், பெரிய நிறுவனங்கள் மாநிலத்துக்கொரு கலவை செய்வதை விட்டு நாடு முழுவதற்கும் ஒரே கலவைக்கு மாறின. தடையே இல்லாத ஐடஹோவின் கடைகளிலும் பழைய தூள் அருகிப்போனது. ஒரே நிலத்தடி நீர், இரு வேறு சட்டம் என்ற ஒப்பீடு நிலைத்திருந்தது 2008 ஜூலைக்கும் 2010 ஜூலைக்கும் இடைப்பட்ட இரண்டே ஆண்டுகள். என்சைம் சேர்த்த பிற்காலத் தூள்கள் எவ்வளவு நன்றாகக் கழுவுகின்றன என்று காட்டும் சோதனைகள் அந்த இரண்டாண்டுகளில் ஸ்போகேனின் அடுக்களைகளில் நடந்த வேலையைப் பற்றி எதையும் சொல்லாது. அதை அறிய முனைபவர் அக்கால நாளிதழ்களின் வாசகர் கடிதங்களையும் கடைகளுக்கு வந்த புகார்களையும், அரசியல் கருத்தாக ஒதுக்கிவிடாமல், வேலைக் குறிப்பேடுகளாகவே திறக்க வேண்டியிருக்கும்.