கோழி பிடிக்கிறவர் கண்

எங்கள் பக்கம் வெள்ளைக் கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோய், ஆய்வாளர்கள் கண்ணில் பட்டு நூறு வருடம் ஆகிறது. 1926-ல் ஜாவாவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்துப் பண்ணைகளிலும் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. இது பழைய கோழிக் கொள்ளை நோய் அல்ல, வேறு வைரஸ் என்று ஆய்வாளர் டாய்ல் 1927-ல் எழுதினார். அதே ஆண்டு குமாவோன் மலையில் ராணிக்கெட்டிலும் நோய் கண்டது. பக்கத்து முக்தேஸ்வரில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் எட்வர்ட்ஸ் 1928-ல் அதைப் பதிவு செய்தார். 1940-களில் அந்த முக்தேஸ்வரிலேயே உருவான தடுப்பூசி ரகத்தைத்தான், எட்டு வாரக் கோழிக்கு இறக்கையடியில் இன்றும் குத்துகிறோம். சென்னை மாகாணத்துக்கென்று 1932-ல் ராணிப்பேட்டையில் தொடங்கிய நிலையமும் இந்த மருந்தைத் தயாரித்து வருகிறது.

இந்த வைரஸ் மனிதரையும் தொடும் என்பதை 1943-ல் ஆஸ்திரேலியாவின் பர்னெட் பதிவு செய்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் அவர். மெல்போர்னில் அவருடைய ஆய்வகத்தில் வேலை செய்த ஒருவருக்கு, வைரஸ் வளர்த்த முட்டைத் திரவம் கண்ணில் பட்டு, கண் சிவந்தது. அதன் பிறகு கோழி வெட்டும் கூடங்களிலும் தடுப்பு மருந்து போடுகிறவர்களிடமும் இதே கண்நோயை மருத்துவர்கள் பார்த்தார்கள். பெரும்பாலும் ஒரு கண்தான். சிவந்து, நீர் வடிந்து, காதுக்கு முன்னால் சிறு நெறி கட்டும். ஒரு வாரத்தில் தானாக ஆறிவிடும். பார்வைக்குக் கெடுதல் இல்லை.

நாமக்கல் வட்டாரத்தில் கால்நடை மருத்துவராக இருந்த நான் இதை எத்தனையோ கொட்டகைகளில் பார்த்திருக்கிறேன். குஞ்சு வந்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடுவோம். அதில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைந்த வைரஸ். ஐஸில் வைத்த குப்பியை எடுத்துக் கலக்கியதும், சூடேறுவதற்குள் ஆயிரக்கணக்கான குஞ்சுகளை முடித்தாக வேண்டும். ஒருவர் பிடித்துக் கொடுப்பார், ஒருவர் சொட்டு விடுவார். குஞ்சு தலையை உதறும், சொட்டு தெறிக்கும். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கினால் கை தன்னால் அங்கே போகும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ, "டாக்டருங்க, மண்ணு விழுந்தாப்புல உறுத்துதுங்க" என்று ஒருவர் வந்து நிற்பார். மெட்ராஸ் ஐ என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கிக் கொடுப்பதோடு சங்கதி முடிந்துவிடும். பண்ணைப் பதிவேட்டில் அன்றைய சாவு, தீனி, முட்டை எல்லாம் ஏறும். அவர் கண் ஏறாது.

ஆறிவிடுகிற நோய்தானே என்று விடலாம். ஆனால் அதே கண் வழியாக வேறு வைரஸ்களும் வரும். பறவைக் காய்ச்சல் வைரஸ் பற்றிக்கொள்ளும் வகை ஏற்பிகள் மனிதக் கண்ணின் மேல்சவ்வில் இருக்கின்றன. 2003-ல் நெதர்லாந்தில் எச்7என்7 வகைப் பறவைக் காய்ச்சல் பரவி மூன்று கோடிப் பறவைகள் அழிக்கப்பட்டபோது, 89 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் 78 பேருக்குக் கண்நோய் மட்டும். ஒருவர் இறந்துபோனார். அவர் என் தொழிலைச் செய்த கால்நடை மருத்துவர்.

1997-ல் ஹாங்காங்கில் எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் பதினெட்டுப் பேரைப் பிடித்து ஆறு பேரைக் கொன்றதைப் பத்திரிகைகள் எழுதின. என்னை அதிகம் உலுக்கியது அதற்குப் பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனை. கோழித் தொழிலில் இருந்த 1,525 பேரில் சுமார் பத்து சதவீதம் பேரின் ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள்கள் இருந்தன. கோழிகளை அழிக்கப் போன அரசு ஊழியர்கள் 293 பேரில் அது மூன்று சதவீதம். சந்தையில் கூண்டும் கத்தியுமாக நின்றவர்களை வைரஸ் தொட்டுப் போயிருக்கிறது, யாரும் கேட்கவில்லை.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது இங்கே நாமக்கல்லில் முட்டை விலைதான் பேச்சாக இருந்தது. பண்ணையாளர்களின் நஷ்டம் உண்மை, அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கூண்டுக்கு முன்னால் நிற்கிறவரைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்று அவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ குடும்பத்தோடு வந்து, பண்ணைக்குள்ளேயே குடியிருப்பவர்.

அவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தால் போதும் என்று நினைப்பதும் சரியல்ல. 2024 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோவில் பறவைக் காய்ச்சல் கண்ட கோழிகளை அழித்தவர்களுக்குக் கவசம் கொடுத்திருந்தார்கள். கொட்டகைக்குள் கடும் வெக்கை. பெரிய மின்விசிறிகள் இறகையும் தூசியையும் வாரி அடித்தன. கண்ணாடி முகத்தில் நிற்கவில்லை. பலருக்குக் கண் சிவந்தது. நம் ஊர் சித்திரை வெயிலில் இது நடக்காது என்று யார் சொல்ல முடியும்?

பண்ணை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மருந்து போடும் நாளில் கண்ணாடி கொடுங்கள், வேர்வை துடைக்கத் தனித் துணி கொடுங்கள், நடுவே இளைப்பாற விடுங்கள், கை கழுவ சோப்பும் தண்ணீரும் கொட்டகை வாசலிலேயே இருக்கட்டும். எவருக்காவது கண் சிவந்தால் தேதியோடு பதிவேட்டில் எழுதுங்கள். கோழி சாகும் நாட்களில் கண் சிவந்தால், மெட்ராஸ் ஐ என்று நீங்களாக முடிவு கட்டாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கோழிப் பண்ணை வேலை என்பதையும் அங்கே சொல்லச் சொல்லுங்கள்.