ஓட்டையும் ஒட்டும்: வழங்கிகளைக் காத்துவந்த வரலாறு

கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவது நம் இல்லங்களில் பழகிய வேலை. ஆங்கிலத்தார் 'பேட்ச்' என்பதன் முதற்பொருளும் அதுவே. அச்சொல் கணினித் துறைக்குள் உவமையாக நுழையவில்லை, நேர்பொருளிலேயே நுழைந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1944இல் இயங்கத் தொடங்கிய மார்க் 1 கணினி, துளையிட்ட காகிதப் பட்டையிலிருந்து கட்டளைகளைப் படித்தது. கட்டளை பிழையாக அமைந்தால், தவறான துளையின்மேல் காகிதத் துண்டை ஒட்டி அடைத்தனர். ஓட்டைக்கு ஒட்டு என்பது அங்கே கண்ணால் காணத்தக்க செயல். ஆதலால் வழங்கிகளின் இயங்குதளத்திற்கு அளிக்கப்படும் பாதுகாப்புத் திருத்தத்தை நாம் இங்கு 'ஒட்டு' என்றே குறிப்போம். இதைவிட நீளமான கலைச்சொற்களை ஆக்குவது எளிது. இவ்வளவு நேராகப் பொருளைக் காட்டும் சொல் கிடைப்பது அரிது.

1985இல் லாரி வால் 'பேட்ச்' என்னும் பெயரிலேயே ஒரு சிறு நிரலை எழுதி வெளியிட்டார். முழு மென்பொருளையும் மறுபடி அனுப்பாமல், மாறிய வரிகளை மட்டும் அனுப்பவும், பெறுபவர் அவற்றை உரிய இடத்தில் பொருத்திக்கொள்ளவும் அது வழி செய்தது. அடுத்த மூன்றாண்டுகளில் அந்த வழிக்குக் கடுஞ்சோதனை வந்தது. 1988 நவம்பர் 2ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் விடுத்த புழுநிரல், யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடிய கணினிகளுக்குள் பரவியது. அஞ்சல் நிரலில் பிழைதிருத்துவோர் வசதிக்கெனத் திறந்து விடப்பட்டிருந்த வழியே அது நுழைந்த வாயில்களுள் ஒன்று. பெர்க்லி பல்கலைக்கழகத்தார் விரைந்து ஒட்டுகளை ஆக்கிவிட்டனர். ஆனால் அச்சமுற்ற நிறுவனங்கள் பல, வலையிலிருந்து தம்மைத் துண்டித்துக்கொண்டிருந்தன. நோய் வந்த வழியை அடைத்தபோது மருந்து வரவேண்டிய வழியும் உடன் அடைபட்டது. அதே மாதத்தில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதல் கணினி அவசர உதவிக் குழு தோன்றியதற்கு இதுவே காரணம். நம் வட்டாரத்தில் மலேசியாவின் மைசெர்ட் குழுவும் சிங்கப்பூரின் சிங்செர்ட் குழுவும் 1997இல் பணியைத் தொடங்கின.

இதன்பின் வரலாறு வேறு திசையில் திரும்புகிறது. ஒட்டு இல்லாமையால் விளைந்த கேடுகளினும், ஒட்டு இருந்தும் போடாமையால் விளைந்த கேடுகளே மிகுந்தன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் வலைவழங்கி மென்பொருளின் ஓட்டை ஒன்றுக்கு 2001 ஜூன் 18ஆம் நாள் ஒட்டு வெளியிட்டது. ஜூலை 19ஆம் நாள் 'கோட் ரெட்' என்னும் புழு அதே ஓட்டையின் வழியே 14 மணி நேரத்திற்குள் 3,59,000 கணினிகளைப் பற்றியது. 2003 ஜனவரி 25, சனிக்கிழமை, நம் நேரப்படி பிற்பகல் ஒன்றரை மணியளவில் 'ஸ்லாமர்' கிளம்பியது. 404 பைட் அளவே கொண்ட பொட்டலம் அது. இச்சொற்பொழிவின் ஒரு பத்தியினும் சிறியது. தாக்கத்தக்க கணினிகளுள் பத்தில் ஒன்பதை அது பத்தே நிமிடங்களில் பிடித்தது. அதற்குரிய ஒட்டு ஆறு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது.

ஒட்டு வெளிவந்தால் ஆபத்து நீங்கும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அந்நாளில்தான் ஓட்டப்பந்தயம் தொடங்குகிறது. பழைய நிரலையும் ஒட்டிய நிரலையும் அருகருகே வைத்து ஒப்பிடத் தெரிந்தவர்க்கு, எங்கே ஓட்டை இருந்தது என்பதை ஒட்டே காட்டிக்கொடுத்துவிடும். போடாதவர் வாசல் எது என்பது அன்றுமுதல் ஊரறிந்த செய்தி.

அவ்வாறாயின் நிர்வாகிகள் ஏன் தயங்கினர்? சோம்பலால் என்று சொல்லிக் கடந்துவிடுதல் நேர்மையாகாது. இரவும் பகலும் ஓடவேண்டிய வழங்கியை ஒட்டுக்காக நிறுத்தித் தொடக்கவேண்டியிருந்தது. ஒட்டே கேடு செய்த நிகழ்வுகளும் உண்டு. 1999இல் விண்டோஸ் என்டி 4.0க்கு வந்த ஆறாம் திருத்தத் தொகுப்பு, லோட்டஸ் நோட்ஸ் போன்ற மென்பொருள்கள் சாதாரணப் பயனர் கணக்கில் வலையோடு இணைவதைக் கெடுத்தது. உடனே மற்றொரு தொகுப்பை வெளியிட நேர்ந்தது. அந்த அச்சம் பழங்கதையும் அன்று. கோட் ரெட் பரவிய அதே ஜூலை 19இல், 2024ஆம் ஆண்டு, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பு ஏறத்தாழ 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. சாங்கி விமான நிலையத்திலும் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைமுறையாகப் பதிவு செய்தன. முதலில் சோதனை வழங்கியில் போட்டுப் பார்த்து, பின்னரே மெய்யான வழங்கியில் போடும் நிர்வாகி கோழையல்லர். அவருக்குக் கிடைக்கும் நாள்கள்தாம் சில.

தயக்கத்தைக் குறைக்கும் முயற்சியாக, 2003 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று ஒட்டுகளை ஒருசேர வெளியிடலாயிற்று. அமெரிக்கச் செவ்வாய் நமக்குப் புதன் விடியற்காலை. இங்குள்ள நிர்வாகிகள் பணிக்கு வரும்போது பந்தயம் தொடங்கிச் சில மணி நேரம் ஆகியிருக்கும். லினக்ஸ் உலகில், இயங்கிக்கொண்டிருக்கும் கருநிரலை நிறுத்தாமலே ஒட்டும் நுட்பம் 2015இல் மூலநிரலில் சேர்ந்தது. இருந்தும் 2017 மார்ச் 14இல் வெளியான ஒட்டைப் போடாத கணினிகளை, 59 நாள் கழித்து, மே 12இல் 'வான்னாகிரை' பூட்டியது. பிரிட்டன் மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின.

இவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் சிங்கப்பூரில் எழுதப்பட்டது. 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை, சிங்ஹெல்த் தரவுத்தளத்திலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி முதலியன களவாடப்பட்டன. அவர்களுள் 1,60,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போயிற்று. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் பதிவும் அதில் அடங்கும். விசாரணைக் குழு நுழைவழியைத் தடம்பிடித்தது. முதலில் தாக்குண்ட கணினியில் அஞ்சல் மென்பொருளுக்கு ஒட்டுப் போடப்படவில்லை; தாக்கியவர் கருவியைத் தடுத்திருக்கக்கூடிய ஒட்டு அப்போதே கிடைத்துக்கொண்டிருந்தது. நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல்லோ எளிதில் ஊகிக்கத்தக்கது. ஆகவே பழி முழுவதையும் ஒட்டின்மேல் ஏற்றுவதற்கில்லை.

நம்மை அதிகம் நிற்கவைப்பது மற்றொரு செய்தி. தாக்கியோர் பயன்படுத்திக்கொண்ட வழங்கி ஒன்று, ஓராண்டுக்கும் மேலாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பின்றிக் கிடந்தது. அதைக் கவனித்து வந்த ஊழியருக்கு அப்பொறுப்பு முறைப்படி ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. கடவுச்சொல் தெரிந்தவர் என்பதால் அவர் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொள்கிறார் என்பதால் மற்றவர் பார்க்கவில்லை. வீட்டுக் கூரை ஒழுகும்போதும் இப்படித்தானே நடக்கிறது!

2019 ஜனவரியில் வெளியான விசாரணை அறிக்கையில் 16 பரிந்துரைகள் உள்ளன. அவற்றுள் ஏழை முதன்மையானவை எனக் குழு தனியே பிரித்தது. ஒட்டுகளை முறையாகப் போடுவதற்கான ஏற்பாடு வேண்டும் என்னும் பரிந்துரை அந்த ஏழில் இல்லை; எஞ்சிய ஒன்பதில் இருக்கிறது.