மூலத்தில் கைவைக்கலாமா?

2023ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரோல்ட் டாலின் சிறுவர் நூல்களை, இன்றைய காதுக்கு உறுத்தும் சொற்களை மாற்றி வெளியிட்டார்கள். எதிர்ப்பு எழவே, பழைய பாடத்தையும் தனியாக அச்சிடுவதாகப் பதிப்பகம் அறிவித்தது. இத்தகைய துப்புரவு தமிழுக்குப் புதியதன்று.

வீரமாமுனிவர் 1730இல் திருக்குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அறத்தையும் பொருளையும் மட்டுமே எடுத்துக்கொண்டார். காமத்துப்பாலின் 25 அதிகாரங்களும் விடுபட்டன. 1840இல் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தொடங்கிய ட்ரூ பாதிரியாரும் அந்தப் பாலைத் தொடத் தயங்கினார். 1886இல் முழு நூலையும் ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப்புங்கூட நெடுநாள் அப்பகுதியைப் படியாதிருந்தவர். படித்த பின்னரே ஐயம் நீங்கினார். வெட்டிய பிரதியை மட்டும் படித்தவருக்கு வள்ளுவர் நீதி சொல்லும் பெரியவராக மட்டுமே தெரிந்தார். காதலைப் பாடிய கவிஞர் தெரியவில்லை.

அப்படியானால் மாற்றம் யாவும் குற்றமா? எங்கள் கரையோரம் வேறு விடை தருகிறது. காரைதீவு, தம்பிலுவில் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் கண்ணகி வழக்குரையில் கண்ணகி மாங்கனியில் பிறக்கிறாள். மதுரையை எரித்தவளின் சினம் ஆறக் குளிர்த்தி பாடுகிறார்கள். இவை இளங்கோவடிகள் சொல்லாதவை. ஆனால் வழக்குரை பாடியவர் சிலப்பதிகார ஏட்டில் ஓர் எழுத்தையும் அழிக்கவில்லை. வேறொரு நூல் செய்தார். அதனை 1968இல் வி. சீ. கந்தையா பதிப்பித்தார். இன்று இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கிறோம்.

கல்முனைக்குடி, மருதமுனை வாசகர்கள் நன்கறிந்த சீறாப்புராணத்தைப் பாருங்கள். உமறுப்புலவர் அரபு நாட்டை மருதநில வயல்களோடு வருணிக்கிறார். பாலையில் நெல்வயலா என்று அப்பாடல்களை நீக்கினால், நபிகளாரின் நாட்டைத் தன் ஊர்க் கண்ணால் கண்டு நேசித்த தமிழ்ப் புலவரையே இழந்துவிடுவோம்.

பெண்ணை இழித்துரைக்கும் பழம்பாடலை வகுப்பில் எடுக்கும்போது, தமிழாசிரியனாகிய எனக்கும் சங்கடமுண்டு. பொருந்தாத பாடலைப் பாடத்தில் சேர்க்காமல் விடலாம். விட்டதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லை மாற்றிப் புலவர் பெயரிலேயே கொடுப்பது தகாது. அக்காலம் எப்படி எண்ணியது என்பதை அறிந்து, அதனோடு வழக்காடும் உரிமையை மாணவரிடமிருந்து அது பறித்துவிடும்.

புதுக் கருத்துக்குப் புது நூல் செய்வோம். பழைய ஏடு பழைய ஏடாகவே இருக்கட்டும்.