கனடா: படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதியிலிருந்து நிரந்தர வதிவிட உரிமை வரை

கனடாவில் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படித்து முடிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு அங்கேயே சில காலம் வேலை பார்க்கத் தற்காலிக அனுமதி கிடைக்கும். மாணவர் பேச்சில் இது பி.ஜி.டபிள்யூ.பி. காலவரையறை இன்றி அங்கே வாழவும் உழைக்கவும் உள்ள உரிமை பி.ஆர். முன்னதிலிருந்து பின்னதை அடையும் நடைமுறையைப் பற்றியது இக்கட்டுரை. இரண்டையும் வழங்குவது ஒரே குடிவரவு அமைச்சுதான். என்றாலும் பி.ஜி.டபிள்யூ.பி. வைத்திருப்பவருக்கு பி.ஆர். தந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அந்த அனுமதி கொடுப்பது கால அவகாசம் மட்டுமே. அதற்குள் தேவையான மதிப்பெண்ணைச் சேர்த்துக்கொள்வது அவரவர் பாடு. இந்த இடைவெளி தெரியாமல் கடன் வாங்கிப் போனவர்கள் ஏராளம்.

பெயர்

தமிழ்நாட்டு நாளிதழ்களில் பி.ஆர். பெரும்பாலும் 'நிரந்தரக் குடியுரிமை' என்றே அச்சாகிறது. அது பிழை. பி.ஆர். பெற்றவர் கனடாவின் குடிமகன் ஆகிவிடுவதில்லை. அவருக்குக் கனடா பாஸ்போர்ட் கிடைக்காது, வாக்குரிமையும் இல்லை. கடுங்குற்றம் செய்தால் நாடு கடத்தவும் முடியும். ஈழத்தமிழர் வழக்கில் உள்ள 'நிரந்தர வதிவிட உரிமை' என்பதே பொருளுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

எப்படி உருவானது

இந்த வழியின் இரண்டு கால்களும் 2008இல் ஊன்றப்பட்டவை. அந்த ஆண்டு ஏப்ரலில் பி.ஜி.டபிள்யூ.பி. விரிவாக்கப்பட்டது. படித்து முடித்தவர் எந்த முதலாளியிடமும், எந்தத் துறையிலும், அதிகபட்சம் மூன்று ஆண்டு வேலை பார்க்கலாம் என்று ஆனது. செப்டம்பரில் பி.ஆருக்கான 'கனடிய அனுபவப் பிரிவு' தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து ஆளைத் தேடுவதைவிட, இங்கேயே படித்து வரி கட்டிக்கொண்டிருப்பவரைத் தேர்ந்தெடுப்பது மேல் என்பதே இதன் பின்னால் இருந்த எண்ணம். 2015 ஜனவரி 1 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற தேர்வு முறை வந்தபோது ஆட்டம் மாறியது. அதுவரை தகுதி இருந்தால் விண்ணப்பிக்கலாம், வரிசையில் நிற்கலாம். அதன்பின் தகுதி உள்ள எல்லோரும் ஒரு குளத்தில் விடப்பட்டு, அதிக மதிப்பெண் உள்ளவர்கள் மட்டும் அவ்வப்போது அள்ளப்படுகிறார்கள். இந்த அள்ளலுக்கு டிரா என்று பெயர். குலுக்கல் என்று நினைத்துவிட வேண்டாம், அதிர்ஷ்டத்துக்கு அதில் இடமில்லை. மதிப்பெண் சமமாக இருந்தால், சுயவிவரத்தை முன்னால் பதிவு செய்தவருக்கு முன்னுரிமை.

பணி அனுமதியின் விதிகள்

எட்டு மாதத்துக்குக் குறைவான படிப்புக்கு அனுமதி இல்லை. எட்டு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் என்றால், படிப்பு எவ்வளவோ அதிகபட்சம் அவ்வளவு காலம். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ என்றால் மூன்று ஆண்டு. 2024 பிப்ரவரி முதல், இரண்டு ஆண்டுக்குக் குறைவான முதுகலைப் பட்டத்துக்கும் மூன்று ஆண்டு கிடைக்கிறது. வாழ்நாளில் ஒரே முறைதான். படிப்பு முடிந்ததாகக் கல்லூரி உறுதிசெய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

ஓராண்டு டிப்ளமோ படித்தவரின் நிலையை இங்கே நினைத்துப்பார்க்கலாம். அவருக்குக் கிடைப்பது ஓராண்டு அனுமதி. கனடிய அனுபவப் பிரிவுக்குத் தேவை ஓராண்டு வேலை. அனுமதி கைக்கு வந்த அன்று காலையே வேலையில் சேர்ந்து, ஒரு வாரம்கூட இடைவெளி விடாமல் உழைத்தால்தான் கணக்கு நேராகும். அதனால்தான் எட்டு மாதத்துக்குக் குறையாத இரண்டு படிப்புகளை அடுத்தடுத்து முடித்து, இரண்டின் காலத்தையும் சேர்த்துக் காட்டும் வழக்கம் பரவியது.

இன்னொரு கண்ணி பாஸ்போர்ட். அதன் ஆயுளைத் தாண்டி அனுமதி தருவதில்லை. மூன்று ஆண்டுக்கு உரியவர், பாஸ்போர்ட்டில் பதினான்கு மாதமே மிச்சம் இருந்தால், பதினான்கு மாத அனுமதியோடு நிற்பார். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபின் மீதிக் காலத்தைக் கேட்டு வாங்கலாம், ஆனால் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

2024 நவம்பர் 1 முதல் மொழித் தேர்வும் கட்டாயம். கனடிய மொழி அளவுகோலில் பல்கலைக்கழகப் பட்டதாரிக்கு நிலை 7, கல்லூரி டிப்ளமோகாரருக்கு நிலை 5. அந்த நாளிலோ அதன் பின்னரோ படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்த டிப்ளமோகாரர்கள், ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளோடு தொடர்புடைய படிப்பைப் படித்திருக்கவும் வேண்டும். பட்டப்படிப்புகளுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு கிடையாது. அரசுக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை உரிமம் பெற்று நடத்திய தனியார் கல்லூரிகளில் புதிதாகச் சேர்வோருக்கும் 2024இல் கதவு அடைக்கப்பட்டது.

எந்த வேலை கணக்கில் வரும்

கனடிய அனுபவப் பிரிவுக்குக் கடந்த மூன்று ஆண்டுக்குள் 1,560 மணி நேர வேலை வேண்டும். வாரம் 30 மணி நேரம் வீதம் ஓராண்டு. வாரம் 60 மணி நேரம் உழைத்து ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவோர் உண்டு. முடியாது, வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் எண்ணுவதில்லை. முழுநேர மாணவராக இருந்தபோது பார்த்த வேலையும், சொந்தத் தொழிலும் சேராது.

வேலையின் தரமும் முக்கியம். கனடா எல்லா வேலைகளையும் 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறது. 0 முதல் 3 வரை உள்ளவையே இங்கே செல்லும். காபிக் கடைக் கவுன்டரில் கோப்பை நீட்டுபவர் ஐந்தாம் படி. அதே கடையில், அதே ஏப்ரனோடு, ஷிஃப்டுக்கு ஆள் போட்டு இருப்பைச் சரிபார்க்கும் சூப்பர்வைசர் இரண்டாம் படி. செக்யூரிட்டி கார்டு நான்காம் படி, லாரி ஓட்டுநர் மூன்றாம் படி. சென்னையில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர் பிராம்ப்டனில் உணவகச் சூப்பர்வைசர் ஆவதற்கு ஏன் அவ்வளவு பாடுபடுகிறார் என்பதற்கு விடை இந்தப் பட்டியலில் இருக்கிறது.

மதிப்பெண் கணக்கு

தகுதி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது பழைய கதை. மொத்தம் 1,200 மதிப்பெண். அதில் 600 முழுதாக வருவது ஒரு மாகாண அரசின் பரிந்துரை கிடைத்தால் மட்டும். மற்றவர்கள் போட்டியிடுவது பெரும்பாலும் மிச்சமுள்ளதற்காக.

ஓர் எடுத்துக்காட்டு. வயது 29, மணமாகாதவர், ஊரில் பி.இ., கனடாவில் ஒரு டிப்ளமோ, மொழித் தேர்வில் நான்கு பிரிவிலும் நிலை 9, கனடாவில் ஓராண்டு வேலை. வயதுக்கு 110, இரண்டு கல்வித் தகுதிக்கு 128, மொழிக்கு 124, வேலைக்கு 40. கல்வியும் மொழியும் சேர்ந்த இணைப்புக்கு 50, கல்வியும் கனடிய வேலையும் சேர்ந்த இணைப்புக்கு 25, கனடாவில் படித்ததற்கு 15. மொத்தம் 492. இதே ஆள் டிப்ளமோவுக்குப் பதில் முதுகலை படித்திருந்தால் 514. பொது டிராக்களின் கட்-ஆஃப் பெரும்பாலும் 450க்கும் 475க்கும் இடையில் இருந்த 2019இல் இரண்டுமே மரியாதையான மதிப்பெண்கள். 2025இல் கனடிய அனுபவப் பிரிவு டிராக்களின் கட்-ஆஃப் பெரும்பாலும் 520க்கும் 550க்கும் இடையில் இருந்தது.

காத்திருந்தால் ஏறாதா? ஏறும், கொஞ்சம். இரண்டாம் ஆண்டு அனுபவம், கல்வியோடு சேர்ந்த இணைப்பையும் கணக்கிட்டால், 38 மதிப்பெண்ணைக் கூட்டும். ஆனால் அதற்குள் வயது 30 ஆகிவிடும், 5 குறையும். மூன்றாம் ஆண்டு 11 கூடும், 31 வயதுக்கு மேலும் 6 குறையும். இரண்டு ஆண்டு உழைப்பின் நிகர லாபம் 38. இருபதுகளின் தொடக்கத்திலேயே வந்தவருக்கு இந்தத் தேய்மானம் இல்லை. ஊரில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவருக்கு வேறொரு ஆறுதல்: வெளிநாட்டு அனுபவமும் நல்ல மொழி மதிப்பெண்ணும் சேர்ந்தால் 50 வரை கிடைக்கும்.

மொழித் தேர்வில் ஐ.இ.எல்.டி.எஸ். எடுப்போர் நிலை 9க்கு லிசனிங்கில் 8.0, மற்ற மூன்றிலும் 7.0 பெற வேண்டும். ஜெனரல் வகைத் தேர்வு மட்டுமே செல்லும். கல்லூரி சேர்க்கைக்காக எழுதிய அகாடமிக் சான்றிதழ் இங்கே உதவாது. ரைட்டிங்கில் 6.5 வாங்கி, அந்த அரைப் புள்ளிக்காக நாலைந்து முறை எழுதியவர்களை எந்த நண்பர் வட்டத்திலும் பார்க்கலாம். முடிவு இரண்டு ஆண்டே செல்லும் என்பதால், பலர் ஒரு பணி அனுமதிக் காலத்துக்குள் தேர்ச்சி பெற்ற தேர்வையே மறுபடி எழுதுகிறார்கள்.

இன்று மதிப்பெண்ணைப் பெரிதாக உயர்த்தும் வழி பிரெஞ்சு. நான்கு பிரிவிலும் நிலை 7 எட்டினால், ஆங்கிலமும் ஓரளவு தெரிந்தவருக்கு 50 கூடுதல், இரண்டாம் மொழிக்காக 12, ஆக 62. மேலே சொன்ன 492 அப்போது 554 ஆகிவிடுகிறது. அது போக பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனி டிராக்களும் உண்டு. 2024 பிப்ரவரியில் அதன் கட்-ஆஃப் 336 வரை இறங்கியது. 2023 ஜூனில் தொடங்கிய துறைவாரித் தேர்வில் மருத்துவம், கட்டடத் தொழில்கள் போன்றவற்றுக்கும் இப்படித் தனி டிராக்கள் வந்தன.

வேலைவாய்ப்புக் கடிதத்துக்கு ஒரு காலத்தில் 50 அல்லது 200 மதிப்பெண் இருந்தது. அந்தக் கடிதங்கள் பணத்துக்கு விற்கப்பட்டன. விற்பனையைத் தடுப்பதாகச் சொல்லி 2025 மார்ச் 25 அன்று அந்த மதிப்பெண்ணையே அரசு நீக்கியது. விற்றவர் கையில் காசு நின்றது, நேர்மையாகப் பெற்றவரின் மதிப்பெண்ணும் சேர்ந்து போனது.

2021ம் அதன் பின்னும்

இந்த வழியின் வரலாற்றில் ஒரு நாள் தனித்து நிற்கிறது. 2021 பிப்ரவரி 13, சனிக்கிழமை. கோவிட்டால் எல்லைகள் மூடியிருந்தன. வெளியிலிருந்து ஆள் வர வழியில்லை, அந்த ஆண்டின் பி.ஆர். இலக்கோ பெரியது. கனடிய அனுபவப் பிரிவில் 27,332 பேருக்கு ஒரே நாளில் அழைப்பு போனது. கட்-ஆஃப் 75. நம்ப முடியாமல் எழுத்துப் பிழை என்றே நினைத்தவர்கள் உண்டு. அதே ஆண்டு மே மாதம் 90,000 பேருக்கான சிறப்பு பி.ஆர். திட்டம் திறந்தது. அதில் பட்டதாரிகளுக்கான 40,000 இடமும் சுமார் ஒரு நாளில் நிரம்பிவிட்டது.

செப்டம்பருக்குப் பிறகு கனடிய அனுபவப் பிரிவினருக்கு அழைப்பே வரவில்லை. விண்ணப்பங்கள் குவிந்துவிட்டன என்பது காரணம். 2022 ஜூலை 6 அன்று பொது டிரா மீண்டபோது கட்-ஆஃப் 557. எட்டு மாத இடைவெளியில் படிப்பை முடித்த இரண்டு நண்பர்களில் ஒருவர் 75க்கு உள்ளே போக, மற்றவர் 480 வைத்துக்கொண்டு வெளியே நின்றார். அனுமதி தீர்ந்துபோனவர்களுக்குப் பதினெட்டு மாத நீட்டிப்பு சில முறை தரப்பட்டது. 2023 டிசம்பருக்குப் பின் அதுவும் நின்றது.

2024 இறுதியில் இலக்குகளே சுருங்கின. 2025க்கு 5 லட்சம் பேர் என்றிருந்த திட்டம் 3 லட்சத்து 95 ஆயிரமாகக் குறைக்கப்பட்டது. மாகாணப் பரிந்துரை இடங்களும் பாதியாயின. ஒன்டாரியோவுக்கு 21,500 என்பது 10,750 ஆனது. பிரின்ஸ் எட்வர்ட் தீவு மாகாணம் தன் பரிந்துரை விதிகளை மாற்றியதை எதிர்த்து, 2024 மேயில் சார்லட்டவுனில் பணி அனுமதிக்காரர்கள் உண்ணாவிரதமே இருந்தார்கள். விதிகளை மாற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதில் தகராறு இல்லை. ஒரு விதியை நம்பிச் சேர்ந்தவர் முடிப்பதற்குள் அதை மாற்றுவது நியாயமா என்பதே அவர்களின் கேள்வி.

இந்த பி.ஆர். வழிகள் எதிலும் கியூபெக் சேராது. 1991 ஒப்பந்தப்படி அம்மாகாணம் தன் குடிவரவாளர்களைத் தானே தேர்ந்தெடுக்கிறது.

ஆவணங்கள்

அழைப்பு வந்தால் முழு விண்ணப்பத்துக்கு 60 நாள். அதிகம் சறுக்குவது முதலாளி தரும் அனுபவக் கடிதத்தில். பதவி, செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், சேர்ந்த தேதி எல்லாம் நிறுவனத் தாளில் இருக்க வேண்டும். "இவர் இங்கே வேலை பார்த்தார்" என்ற இரண்டு வரிக் கடிதம் போதாது. அரசின் வேலைப் பட்டியலில் உள்ள வரிகளை அப்படியே நகலெடுத்தாலும் சந்தேகம் வரும். கூடவே டி4 வரிச் சீட்டு, சம்பளச் சீட்டுகள், கடந்த பத்தாண்டில் ஆறு மாதம் தொடர்ந்து வாழ்ந்த ஒவ்வொரு வெளிநாட்டின் காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை. கட்டணம் 2024 ஏப்ரல் 30 அன்று 1,525 டாலராக உயர்ந்தது.

தமிழ்ப் பெயர்களுக்கென்று தனித் தொல்லை ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, பட்டச் சான்றிதழில் வேறு வரிசை. மூவரும் ஒருவரே என்று விளக்கக் கடிதம் எழுதி இணைப்பது நம்மவர்களுக்குச் சடங்குபோல் ஆகிவிட்டது.

அனுமதி தீரும்போது

பி.ஆர். விண்ணப்பம் ஏற்கப்பட்டதற்கான கடிதம் வந்தபின், பணி அனுமதி தீரும் நிலையில் இருந்தால் இணைப்புப் பணி அனுமதி கேட்கலாம். பழையது தீரும் முன்பே கேட்டுவிட்டால், முடிவு வரும்வரை வேலையைத் தொடரலாம். அழைப்பே வராதவருக்கு இந்த வழி இல்லை. முதலாளி மூலம் தனி அனுமதி, துணைவரின் அனுமதி, மறுபடி மாணவராவது, அல்லது ஊர் திரும்புவது ஆகியவையே மிச்சம். அட்லான்டிக் மாகாணங்களில் படித்தவருக்கு, அங்கீகாரம் பெற்ற முதலாளி வேலை தந்தால், முன் அனுபவம் இல்லாமலே பி.ஆர். கேட்கும் தனித் திட்டமும் உண்டு. 2017இல் சோதனையாகத் தொடங்கி 2022இல் நிலையானது.

பி.ஆர். கிடைத்தபின் ஐந்தாண்டில் 730 நாள் கனடாவில் இருந்தால் அது நிலைக்கும். குடியுரிமைக்கு ஐந்தாண்டில் 1,095 நாள். பி.ஆருக்கு முன் மாணவராகவும் பணி அனுமதியிலும் கழிந்த ஒவ்வொரு நாளும் இதில் அரை நாளாக எண்ணப்படும், அதுவும் 365 நாள் வரைதான்.